கல்லைக் கல் பிடிக்கணும்

கப்பி ரோட்டில் குழி விழுந்துவிட்டது, வந்து சரிபண்ணிக் கொடுங்கள் என்று யாராவது கூப்பிட்டால், முதல் நாள் மண்வெட்டி எடுக்காமல் வெறுங்கையோடு போங்கள். குழியைச் சுற்றி நின்று நீளம் அகலம் அளக்க வேண்டாம். மேட்டுப்பக்கமாக ஐம்பது அடி நடந்துபோய்த் திரும்பி, குத்தவைத்து, கண்ணை ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மழைத்தண்ணீர் எங்கிருந்து இறங்கி வந்தது, எந்த இடத்தில் ஓரத்துக்குப் போகப் பார்த்துப் போகமுடியாமல் நின்றது என்பதெல்லாம் தெரியும். காய்ந்து மாதக்கணக்கான பிறகும் தண்ணீர் நின்ற இடம் மறையாது. அங்கே வண்டல் மெல்லிசாகப் படிந்து ஓரம் சுருண்டு கிடக்கும். ஜல்லிக்கு நடுவே அறுகம்புல் தலை காட்டியிருக்கும். குழி அதற்குப் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம். குழியை அடைக்க அரை நாள் போதும். தண்ணீருக்கு வழி விடாமல் அடைத்தால் அடுத்த ஐப்பசியில் அதே குழி அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

இந்த வேலையை நான் கற்றதும் செய்ததும் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, பருத்திக் காட்டுக்கும் மிளகாய்க் காட்டுக்கும் நடுவே போய் ஏதோ ஒரு ஊரில் முடிந்துவிடுகிற ரோடுகள். வண்டிப்பாதையாகக் கிடந்து, சரளை கண்டு, பிறகு ஜல்லி விரித்து உருட்டியவை. இப்போது வேலைக்கு வருகிற தம்பிமார் தார் ரோட்டையும் சிமெண்டு ரோட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள். கப்பி ரோடு என்றால் தார் போடுகிறவரைக்கும் சமாளிக்கிற அரைகுறை ரோடு என்று நினைக்கிறார்கள். தாருக்குக் கீழே பாரம் தாங்குவது இந்தக் கப்பிதான். அது சரியாக உட்காராத இடத்தில் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் வெடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரிசலைப் போல விளைகிற மண்ணும் கிடையாது, ரோட்டுக்கு அதைப் போல வம்பு பண்ணுகிற மண்ணும் கிடையாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து முழங்கை வரைக்கும் கை உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பும், வெடிப்பெல்லாம் மூடும், பிறகு குழைய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் உர மூட்டை ஏற்றிய டிராக்டர் நாலு தடவை போய்வந்தால் போதும். கல் கீழே இறங்கும், சேறு கல்லின் இடுக்கு வழியே மேலே ஏறும். இரண்டு மழைக்காலம் கழித்து, போட்ட ஜல்லியில் பாதியைக் காணோம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். யாரும் அள்ளிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். தோண்டிப் பார்த்தால் முக்கால் அடி ஆழத்தில், கரிசலுக்குள் ஒன்றுக்கொன்று தொடாமல் தனித்தனியாகப் புதைந்து கிடக்கும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கரிசல் மேல் நேராக ஒரு கல்லைக்கூட வைக்க விடமாட்டார். கரிசலை வெட்டிச் சீராக்கி, நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்த வாக்கிலேயே கெட்டிப்படுத்தி, அதன்மேல் ஒரு படுக்கை சரளை விரிக்க வேண்டும். சரளை கிடைக்காத இடத்தில் ஓடை மணல் அல்லது சிப்ஸ் என்கிற பொடி ஜல்லியோடு கலந்த கிரஷர் தூசி, குறைந்தது ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் சேற்றை மேலே ஏறவிடாது. ஜல்லி விரித்த பிறகு அது கண்ணுக்கே தெரியாது, பில்லிலும் பெரிய தொகையாக வராது. அதனால்தான் அவசரக்காரர்கள் முதலில் கைவைப்பது இதில். விதிமுறைப் புத்தகத்திலும் 25 மில்லிமீட்டர் என்று இதே கணக்குத்தான் இருக்கிறது. மேஸ்திரி அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னது அது.

அவர் கையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சியும் ஒரு பித்தளைச் செம்பும் இருக்கும். குச்சியில் இரண்டு வெட்டு. ஒன்று நாலு அங்குலத்தில், இன்னொன்று மூன்று அங்குலத்தில். ஜல்லியை விரித்ததும் குச்சியைச் செருகினால் மேல் வெட்டு வரை நிற்க வேண்டும். ரோலர் ஓடி முடித்த பிறகு கீழ் வெட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். நாலு மூன்றாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. மூன்றரையில் நின்றால் இன்னும் உருட்டச் சொல்வார். ஒரேயடியாக இரண்டேகாலுக்கு இறங்கியிருந்தால் முகம் மாறிவிடும். கல் கெட்டிப்படவில்லை, கீழே மண்ணுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்காமல் மேலே போகமாட்டார்.

“ஏலே, மண்ணு பிடிச்ச கல்லு மழை வரைக்குந்தான் நிக்கும். கல்லைக் கல் பிடிக்கணும்” என்பார். இந்தத் தொழிலில் நான் கற்ற மற்றதெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்தவைதான். அவர் உருட்டிய ரோட்டில் மண்டியிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கல் தனியாக ஆடினால் இன்னும் ஆகவில்லை. பக்கத்துக் கற்களையும் சேர்த்து இழுக்கிற மாதிரி இறுகி நின்றால் எழுந்து அடுத்த இடத்துக்கு நடப்பார். அந்த இரண்டு விரல்களிலும் நகம் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

பின்னாளில் ஒரு இன்ஜினியர் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி எனக்குச் சொன்னார். 1756இல் பிறந்து 1836இல் இறந்தவர். சின்னதாக உடைத்த கல்லை மட்டுமே விரிக்க வேண்டும், ஆறு அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள கல் ஆகாது, பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண்தான், அது நனையாமல் பார்த்துக்கொள்வதே ரோட்டின் வேலை என்றாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். “நல்லா வேலை தெரிஞ்ச ஆளு” என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. அன்றைக்கு வந்த லோடில் சப்பைக் கல் அதிகம், அதைப் பொறுக்கித் தள்ளுகிற வேலை இருந்தது.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோடு வந்து இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் கேளுங்கள். நல்ல கருங்கல் கணீரென்று பேசும். வெயிலிலும் மழையிலும் கிடந்து உள்ளே செத்துப்போன கல் பொத்தென்று சத்தம் கொடுக்கும், உடைந்த முகத்தில் பழுப்பு ஏறியிருக்கும். அது ரோலருக்குக் கீழே மாவாகிவிடும். ஓடையில் உருண்டு வழவழப்பான கல் எவ்வளவு கெட்டியானாலும் வேண்டாம். அதற்கு மூலை இல்லை, பக்கத்துக் கல்லைப் பிடிக்க முடியாது. வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல் பார்க்க அழகு. ஆனால் கண்ணாடியாகச் சில்லுச் சில்லாகத் தெறிக்கிற ரகம். சுக்கான்கல் நம் பக்கத்தில் காட்டுக்குக் காடு கிடைக்கிறது, நனைத்து இடித்தால் தானாகவே இறுகும் குணம் அதற்கு உண்டு. மாட்டு வண்டியும் சைக்கிளும் போகிற காட்டுப்பாதைக்கு அது போதும். லோடு லாரி போகிற ரோட்டுக்கு மேல்படையாக அதை நம்பக் கூடாது.

அளவில் நாங்கள் இரண்டரை இஞ்சு, ஒன்றரை இஞ்சு என்று சொல்வதைப் புத்தகத்தில் 63 மில்லிமீட்டரிலிருந்து 45, அதற்கு அடுத்த ரகம் 53லிருந்து 22.4 என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டு ரகமும் உருட்டி முடித்தால் 75 மில்லிமீட்டர் கனம் நிற்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 3.75 மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு படை போட ஏறக்குறைய 340 முதல் 400 கனமீட்டர் ஜல்லி வேண்டும். நம் பேச்சில் 120 முதல் 140 யூனிட். நூறு யூனிட்டுக்கும் குறைவாக இறக்கிவிட்டு ஒரு கிலோமீட்டர் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், குச்சியைச் செருகிப் பார்க்கத் தேவையே இல்லை.

முன்பெல்லாம் ஜல்லி கையால் உடைத்ததுதான். ரோட்டோரத்தில் பனையோலைத் தட்டி ஒன்றை வெயிலுக்கு மறைப்பாக நட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். விரலில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருப்பார்கள். கல்லைத் திருப்பி, அதன் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, ஒரே போடு. நாலு பக்கமும் மூலை வந்து, கிட்டத்தட்ட கனச்சதுரமாக விழும். அப்படிப்பட்ட கல் விரித்த இடத்தில் பாதி ரோலர் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கிரஷர் கல்லில் சப்பையும் ஊசியுமாகக் கலந்து வரும். சப்பைக் கல் படுத்துக்கொள்ளும், பாரம் ஏறினால் நடுவில் இரண்டாக உடையும். உடைந்த இரண்டு துண்டுக்கும் நடுவே பிடிப்பு இருக்காது. கிரஷர் வந்தது நல்லதுதான். அந்தப் பெண்களின் கண்ணும் நுரையீரலும் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் லோடு இறங்கும்போது சப்பை எவ்வளவு என்று பார்த்து, அதிகமென்றால் திருப்பி அனுப்புகிற தைரியம் மேஸ்திரிக்கு இருக்க வேண்டும்.

இனிக் குழி. குழி எந்த வடிவத்தில் விழுந்திருந்தாலும் நாம் அடைப்பது கட்டமாகத்தான். தளர்ந்த கல் முழுக்க வருகிறவரை, ஓரம் கெட்டியான இடத்தைத் தொடுகிறவரை பிக்காசால் கொத்தி, நாலு சுவரையும் செங்குத்தாக நிறுத்த வேண்டும். சரிவான ஓரத்தில் வைத்த புதுக் கல் சக்கரம் பட்டதும் வழுக்கி மேலே வந்துவிடும், சுவர் நேராக இருந்தால் அதற்குப் போக இடமில்லை. எடுத்த பழைய கல்லை வீசிவிடாதீர்கள். சல்லடையில் சலித்து மண்ணைப் போக்கிவிட்டால் அதில் பெரும்பகுதி திரும்ப உதவும். மழையும் வண்டியும் பார்த்துத் தேறிய கல் அது. குறைகிற அளவுக்குப் புதுக் கல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய கல்லைக் கையால் அடியில் அடுக்கி, இடுக்குக்குச் சின்னதைச் செருகி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திமிசு போட வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் கல் ஓரத்தை நோக்கி ஓடும். முடிக்கும்போது சுற்றியுள்ள ரோட்டைவிட அரை இஞ்சு தூக்கலாக நிற்கட்டும். வண்டி ஓடி ஓடி அது மட்டத்துக்கு வந்துவிடும். முதல் நாளே மட்டமாக முடித்த ஒட்டு மாசி மாதத்துக்குள் பள்ளமாகிவிடும்.

ஒரு ஊரில் கோயில் கொடைக்கு நாலு நாள் இருக்கும்போது, ரோட்டை அவசரமாகச் சரிபண்ண வேண்டுமென்று வேறு ஆட்களைப் பிடித்து வேலை கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கண்மாய்க் கரம்பையை வெட்டி வந்து, ஓடைக்கல்லோடு சேர்த்துக் குழியெல்லாம் நிரப்பி, தண்ணீர் தெளித்து மெழுகிவிட்டார்கள். வெயிலில் காய்ந்து கட்டாந்தரை மாதிரி நின்றது. ஊரே மெச்சியது. கொடை அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கோடை மழை. சப்பரம் அந்த ரோட்டில் வந்தபோது சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கடைசியில் தோள் கொடுத்துத் தூக்கித்தான் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுவாரம் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கரம்பை முழுவதையும் தோண்டி எடுத்துக் காட்டுக்கு உரமாகத் தட்டச் சொன்னார். பிறகுதான் அளவெடுத்தார். பெரியவர் ஒருவர், “அண்ணாச்சி, காஞ்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டார். “காஞ்சா எல்லா மண்ணும் நல்லாத்தான் இருக்கும்” என்றார் மேஸ்திரி.

ரோடு முழுவதும் தேய்ந்து, கல் பெயர்ந்து, நடுவும் ஓரமும் ஒரே மட்டமாகிவிட்டால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. புதிதாக ஒரு படை விரிக்க வேண்டியதுதான். பழைய மேல்பரப்பை இரண்டு மூன்று அங்குலம் கொத்திக் கிளறாமல் அதன்மேல் கொட்டக் கூடாது. கெட்டியான பழைய முகத்தின் மேல் புது ஜல்லிக்குப் பிடிமானம் கிடையாது. தனிப்படையாகவே நின்று, பிரேக் போடுகிற இடத்தில் சுருண்டு வரும். கீழே பழைய தார் இருந்தால், ரோட்டுக்குக் குறுக்கே சாய்வாக, மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு அங்குல அகலமும் இரண்டு அங்குல ஆழமுமாகச் சால் வெட்ட வேண்டும். புதுக் கல்லுக்குப் பிடிப்பும் கிடைக்கும், உள்ளே இறங்குகிற தண்ணீர் தாருக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்காமல் வடிந்தும் போகும். சாய்வாக, நாற்பத்தைந்து பாகையில் வெட்டுவதில்தான் விஷயம். நேர் குறுக்காக வெட்டினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு சாலிலும் விழுந்து எழும்.

கல்லுக்கு முன்னால் ஓரம் கட்ட வேண்டும். இரண்டு பக்கத்துப் பெர்மையும் முதலில் உயர்த்தி இடித்துவிட்டு, நடுவில் பெட்டி மாதிரி கிடைக்கிற இடத்தில்தான் ஜல்லி விரிப்பது. ஓரம் கட்டாமல் விரித்த ஜல்லி ரோலர் ஏறியதும் பக்கத்துக்கு ஒதுங்கிக் காட்டுக்குள் போகும். எத்தனை தரம் ஓட்டினாலும் பூட்டாது. ஜல்லியைத் தட்டுக்கூடையிலோ பாண்டிலோ கொண்டுவந்து பரவலாகப் போட வேண்டும். டிப்பரை ரோட்டின் மேலேயே கவிழ்த்து, குவியலை இழுத்துப் பரப்பினால், குவியல் நின்ற இடத்தில் பொடி அத்தனையும் அடியில் தங்கும், பெரிய கல் ஓரத்துக்கு உருளும். ரோடு முடிந்து மாதங்கள் கழித்தும் அந்தக் குவியல்கள் ஒவ்வொன்றும் நின்ற இடத்தை வட்டம் வட்டமாக நான் காட்டிக்கொடுத்துவிடுவேன்.

நடு உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் காலத்துப் பன்னிரண்டடி ரோட்டுக்கு நடுவில் இரண்டு அங்குலம் என்று வைத்திருந்தார்கள். இன்றைய 3.75 மீட்டர் ரோட்டுக்கு மூன்று சதவீதச் சரிவு என்றால் நடு 5.6 சென்டிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். கேம்பர் போர்டு வைத்துப் பார்ப்பது முறை. மேஸ்திரி போர்டு வைத்துப் பார்த்த பிறகும் செம்பை எடுப்பார். நடுக்கோட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடினால் சரி. ஒரே பக்கம் ஓடினாலோ, தயங்கி நின்று ஊறினாலோ, அந்த இடத்தில் கால் பெருவிரலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்வார். கோட்டைப் பார்த்து நாங்கள் திருத்துவோம்.

ரோலர் எட்டிலிருந்து பத்து டன். ஓரத்தில்தான் தொடங்க வேண்டும். சக்கரத்தின் ஒரு பகுதி பெர்ம் மேலும் ஏறி இருக்கும்படி முன்னும் பின்னும் ஓட்டி, ஓரம் இறுகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் பின்சக்கரத் தடத்தில் பாதியை அடுத்த ஓட்டம் மூட வேண்டும். வளைவில் உள்பக்கத்து ஓரம் தாழ்ந்திருக்கும், அங்கே ஆரம்பித்து வெளிப்பக்கம் ஏற வேண்டும். நடக்கிற ஆளின் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எங்களோடு இருந்த ரோலர் டிரைவர் ஒருவர் வேலை நேரத்தில் பாட்டுப் போடமாட்டார், யாரோடும் பேசவும் மாட்டார். கல்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். முதலில் கரகரவென்று உருண்டு கத்துகிற கல், பூட்டிக்கொள்ளக் கொள்ளச் சத்தம் அடங்கும். அடங்கிய பிறகும் ஓட்டினால் நொறுங்கத் தொடங்கும். நொறுங்கினால் மூலை போய்விட்டது, பிடிப்பும் போய்விட்டது. அடங்குவதற்கும் நொறுங்குவதற்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல டிரைவர். அப்படி ஒரு டிரைவர் கிடைத்தால் அவருக்கு மதியச் சாப்பாட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது சிப்ஸ். காய்ந்ததாக இருக்க வேண்டும். மெல்லிசாகத் தூவி, வாரியலால் பெருக்கி இடுக்குக்குள் இறக்கி, ரோலர் விட்டு, மறுபடி தூவ வேண்டும். மூன்று தடவையாவது. ஒரே தடவையில் கனமாகக் கொட்டினால் மேலே அப்பளமாகப் படிந்து இடுக்கின் வாயை மூடிவிடும். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். பார்ப்பதற்கு வேலை முடிந்த மாதிரி தெரிவதால், ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேஸ்திரியின் செம்பு இங்கேயும் வரும். ஓரிடத்தில் தண்ணீரை ஊற்றிக் காதை வைத்துக் கேட்பார். குபுகுபுவென்று இறங்கினால் கீழே இன்னும் இடம் இருக்கிறது, சிப்ஸ் கொண்டுவரச் சொல்வார். ஊறி மெதுவாக இறங்கினால்தான் தண்ணி லாரியைக் கூப்பிடுவார்.

கப்பி ரோட்டுக்குத் தண்ணீர்தான் எதிரி. அது இல்லாமல் கப்பி ரோடே இல்லை என்பதும் உண்மைதான். நாள் முழுக்கக் கொட்ட வேண்டிய வேலை அது. கொட்டு, பெருக்கு, உருட்டு. சிப்ஸ் நனைந்து உள்ளே இறங்க இறங்கப் புது இடுக்கு திறக்கும், மறுபடி சிப்ஸ். அடியில் உள்ள மண் ஊறுகிற அளவுக்கு மட்டும் கொட்டிவிடக் கூடாது, கரிசலில் அது ஆபத்து. கடைசியாகப் பிடிமண். இதைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நல்ல ரோடுகள் கெட்டிருக்கின்றன. கரிசலைப் பிடிமண்ணாகப் போட்டால் முதல் மழையிலேயே டயரில் அப்பிக்கொண்டு கல்லையும் சேர்த்துப் பிடுங்கும். தேரி மண் செக்கச்செவேலென்று இருப்பதால் செம்மண் என்று நினைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அது காற்று அள்ளிவந்து குவித்த மணல், ஒட்டாது, ஒரு கோடையில் பறந்துவிடும். சரளையோடு வருகிற செம்மண் நல்லது. ஒரு கை நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். நூல் கனத்துக்கு மெலிந்தும் அறுபடாமல் நீண்டுகொண்டே போனால் களிமண் அதிகம். திரியாகவே சேராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். தீக்குச்சி கனத்துக்கு வந்து அங்கங்கே விரிசல் விட்டால் அதுதான் வேண்டிய மண். அதை மெல்லிய இரண்டு படையாகத் தூவித் தண்ணீர் விட்டு உருட்டும்போது, குழம்பு ரோலர் சக்கரத்துக்கு முன்னால் சின்ன அலையாக ஓட வேண்டும். அலை எழும்பினால் இடுக்கெல்லாம் நிறைந்துவிட்டது. அலை இல்லாமல் குழம்பு காணாமல் போய்க்கொண்டே இருந்தால், சிப்ஸ் வேலையில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

அந்த அவசரத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சிப்ஸை ஒரே தடவையில் முடித்து, இடுக்கையெல்லாம் செம்மண்ணால் நிரப்பி, உருட்டிப் பளபளப்பாக்கிக் காட்டுவார்கள். அளவெடுக்க வருகிறவர்களுக்கும் அது பிடிக்கும். அந்த ரோட்டில் கல்லைப் பிடித்திருப்பது மண். மழையில் மண் குழையும், குழைந்ததும் ஒவ்வொரு கல்லும் அநாதை.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. கையளவு ஜல்லி ஒன்றை ரோட்டின் மேல் வைத்து ரோலரை ஏற்றச் சொல்லுங்கள். கல் ரோட்டுக்குள் அமுங்கினால் இன்னும் இறுகவில்லை. ரோடு அசையாமல் கல் நசுங்கிப் பொடியானால் போதும், நிறுத்திவிடலாம். வேலை கற்கிற பையன்களுக்கு மேஸ்திரி இந்தக் கல்லை வைக்கிற உரிமையைக் கொடுப்பார். பொடியானதும் அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்ப்பதற்கென்றே அவர் அங்கே நின்றிருப்பார்.

உருட்டி முடித்த ராத்திரி ரோட்டை யாரும் மிதிக்கக் கூடாது. உடைமுள்ளை வெட்டி இரண்டு பக்கமும் போட்டு அடைத்துவிடுவோம். போகிறவர்கள் பெர்ம் வழியாகப் போகலாம். ஊர்க்காரர்களிடம் முதல் நாளே நல்ல வார்த்தை சொல்லி வைக்க வேண்டும், முள்ளை மட்டும் நம்பினால் ஆகாது. காலையில் போய்ப் பார்த்தால் அங்கங்கே பசித்த இடங்கள் தெரியும், ராத்திரியில் குழம்பு இறங்கிக் கல் வாய் திறந்திருக்கும். அவற்றுக்குச் சிப்ஸும் பிடிமண்ணும் கொடுத்து, லேசாக நனைத்து, ஒரு ஓட்டம் ஓட்ட வேண்டும். முழுக்க உலர்ந்த பிறகுதான் முள்ளை எடுக்க வேண்டும்.

வண்டிகள் மாறியது இந்த ரோடுகளைப் பாதித்தது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டா கல்லை அரைக்கும், தேய்க்கும். ஆனால் அரைத்த பொடி அங்கேயே விழுந்து இடுக்கை நிரப்பும். வேகமாகப் போகிற ரப்பர் டயர் கல்லை அரைப்பதில்லை, இடுக்கில் இருக்கிற பிடிமண்ணை உறிஞ்சித் தூசியாகப் பறக்கவிடுகிறது. மண் போன பிறகு கல் தளர்கிறது. அதனால்தான் மினிபஸ்ஸும் லோடு வேனும் போகிற ரோட்டுக்குத் தார் அவசியமாயிற்று. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் பல கப்பி ரோடுகள் தாருக்கு மாறின. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிரசவத்துக்குப் போகிற பெண் குலுங்காமல் போகிறாள். ஆனால் தார் இன்னும் வராத காட்டுப்பாதைகளும், வந்து உடைந்து கப்பி தெரிகிற ரோடுகளும் ஏராளம். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தார் ரோட்டுக்கும் கப்பி ரோட்டுக்கும் பொதுவான ஒரு வேலை பெர்ம் செதுக்குவது. காற்றில் வருகிற மண்ணும், டிராக்டர் காட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற கரிசலும், புல்லும் சேர்ந்து வருஷத்துக்கு வருஷம் பெர்மை உயர்த்தும். கடைசியில் ரோட்டைவிட ஓரம் மேடாகி, ரோடே வாய்க்காலாகிவிடும். சீமைக்கருவேலம் ஓரவாய்க்காலில் வேர்விட்டால் சிறுபாலத்துக் குழாய்க்குள்ளேயே நுழையும். மரத்தை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு எடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கல்லும் வேண்டாம், ரோலரும் வேண்டாம். மண்வெட்டியும் இரண்டு ஆளும் போதும். ஒரு கிலோமீட்டர் ரோட்டைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

முதல் மழை பெய்து ஓய்ந்ததும் வீட்டில் உட்காராதீர்கள். ஈரம் காய்வதற்குள் மண்வெட்டியும் ஒரு பை சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடங்கள். எழும்பி நிற்கிற கல்லைக் குதிகாலால் மிதித்து உட்கார வையுங்கள், ஈரத்தில் அது சொன்னபடி கேட்கும். பிடிமண் கரைந்த இடத்தில் ஒரு கை தூவுங்கள். சிறுபாலத்தின் வாயில் அடைத்திருக்கிற சோளத்தட்டையையும் பாலித்தீனையும் இழுத்துப் போடுங்கள். தண்ணீர் நிற்கிற இடத்துக்கெல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, நேரே எதிரே பெர்மை ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய மண்ணை ரோட்டுப் பக்கம் இழுக்காமல் காட்டுப் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள்.